துணியில் வந்த நீலம்

பெரியவள் நகைக்கு ஆசைப்பட்டவள் இல்லை, துணிமணிக்கு ஆசைப்பட்டவள் இல்லை. அவள் ஆசைப்பட்டது ஓர் இரும்புக் கம்பிக்கு.

பட்டறையின் மூலையில் எண்ணெய்த் துணி சுற்றி நிறுத்தி வைத்திருந்த எஃகுக் கம்பி அது. இடுப்பளவு உயரம், மூன்று விரல் சேர்த்தாற்போல் தடிமன். அது வந்து இறங்கிய அன்றைக்கே பட்டறைக்காரர் அதைச் சுண்டி, காதருகே வைத்துக் கேட்டுவிட்டு, "இந்த மாதிரி ஒண்ணு இனிமே வராது. இது உனக்குத்தான். ஓய்வா இருக்கும்போது உனக்குன்னே ஒரு குழாய் கடைஞ்சு தர்றேன்" என்று மனைவியிடம் சொன்னார். சொன்னவர் மறந்துபோனார். கேட்டவள் மறக்கவில்லை. பட்டறையைப் பெருக்கும்போதெல்லாம் அந்தத் துணியை அவிழ்ப்பாள், துரு ஏறியிருக்கிறதா என்று பார்ப்பாள், எண்ணெய் தடவித் திரும்பச் சுற்றி வைப்பாள். இலவு காத்த கிளிக்குக்கூட இவ்வளவு பொறுமை இருந்திருக்காது.

அது துப்பாக்கிக் குழாய் கடையும் பட்டறை. குறி பார்த்துச் சுடும் பந்தயக்காரர்கள் எங்கெங்கிருந்தோ குழாய் கேட்டு வருவார்கள். அண்ணன் தம்பி இருவர் தொழில். அண்ணன் இரும்பைத் துளைத்து, தோட்டா சுழன்று போக உள்ளே வரி வெட்டுகிறவர். தம்பி அந்தக் குழாய் உட்காரும் மரக்கட்டையைச் செதுக்குகிறவன். அதனாலேயே அவனுக்குக் கட்டைக்காரன் என்று பெயர். அப்படிக் கூப்பிட்டால் கோபிக்கமாட்டான். "அண்ணன் இரும்பைத் துளைக்கிறாரு, நான் மரத்தைத் துளைக்கிறேன், எங்க வீட்டுப் பொம்பளைங்க எங்க காதைத் துளைக்கிறாங்க. எல்லாரும் ஒரே தொழில்தான்" என்பான்.

அண்ணன் மனைவி பெரியவள். தம்பி மனைவி சின்னவள். ஓரகத்திகள் இருவரும் ஒரே கூரையின் கீழ்தான், ஒரே அடுப்புதான். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். ஓரகத்திகள் என்றால் கேட்கவா வேண்டும்?

குழாயின் உட்புறத்தை வழவழப்பாக்குவது பெரியவளின் வேலை. அந்த வீட்டில் வேறு யாருக்கும் அது வராது. அவளும் ஒரு துப்பாக்கி வைத்திருந்தாள். மைதானத்தில் வாரப் பந்தயங்களில் சுடுவாள். நன்றாகவே சுடுவாள். "பட்டறைக்காரர் சம்சாரம் வந்தாச்சா?" என்று மற்றவர்கள் கொஞ்சம் பயத்தோடு விசாரிக்கிற அளவுக்குச் சுடுவாள். அப்புறம் சின்னவள் மருமகளாக வந்து சேர்ந்தாள். அதுவரை துப்பாக்கியைத் தொட்டே அறியாத பெண். "சும்மா ஒரு தடவை பிடிச்சுப் பாரேன்" என்று பாயை விரித்துப் படுக்கச் சொன்னது யார்? பெரியவளேதான். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்றால் அதுதான். அடுத்த வருஷமே பெரியவளின் பெயர் இருந்த மைதானத்து வெற்றிப் பலகையில் சின்னவளின் பெயர் ஏறிவிட்டது.

பெரியவள் தனக்குத்தானே ஒரு சமாதானம் வைத்திருந்தாள். 'என் துப்பாக்கியில் இருப்பது என்ன குழாய்? வாடிக்கைக்காரர் வேண்டாம் என்று ஒதுக்கியது. ஒரு இடத்தில் தளர்ச்சி, ஒரு இடத்தில் கீறல். இந்த வீட்டில் ஒதுக்கினது எல்லாம் என்னிடம்தானே வந்து சேரும்? அந்தக் கம்பி மட்டும் குழாயாகி என் கைக்கு வரட்டும். அப்புறம் பார்க்கலாம் யார் பெயர் பலகையில் ஏறுகிறதென்று.' இதுதான் அவள் தினமும் தடவி வைத்த எண்ணெய்.

ஒரு மாலை எல்லாரும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். பட்டறைக்காரர் கோப்பையை ஊதிக்கொண்டே சொன்னார்:

"சின்னவளுக்குப் பெரிய மேட்ச் வருது. அவ குழாய் தேஞ்சு போச்சு. அந்த மூலையில ஒண்ணு நிக்குதே, அதைக் கடைஞ்சிடலாம்னு பாக்கறேன்."

"எந்த மூலை?" என்றாள் பெரியவள், தெரியாதவள் மாதிரி.

"நம்ம பட்டறைக்கு என்ன பத்து மூலையா இருக்கு? எண்ணெய்த் துணி சுத்தினது."

"ஓ. அதுவா."

"நீதான் உள்ளே தேச்சு இழுத்துத் தரணும். அந்தக் கம்பிக்கு உன் கை வேணும்."

"என் கை எங்க போகப்போவுது. இழுத்துத் தர்றேன்."

இவ்வளவுதான் பேச்சு. 'அது எனக்கு என்று சொன்னீர்களே' என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் கேட்டு வாங்குகிற பொருளுக்கு ருசி இல்லை என்பது அவள் கட்சி. அவருக்கே ஞாபகம் வரவேண்டும். வந்ததா? டீயில் சர்க்கரை குறைவு என்பதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது.

"ரொம்ப நன்றி மாமா!" என்றாள் சின்னவள். பெரியவள் எழுந்து போய், ஏற்கனவே கழுவின பாத்திரங்களை மறுபடியும் கழுவினாள்.

கம்பி துளைபட்டு, உள்ளே வரி வெட்டப்பட்டு, அவள் மேசைக்கு வந்தது. வழவழப்பாக்குவது எப்படி என்றால், குழாய்க்குள் ஒரு தடியை விட்டு அதன் நுனியைச் சுற்றி ஈயத்தை உருக்கி ஊற்றுவார்கள். ஈயம் வரிகளுக்குள் ஓடி, குழாயின் வயிறு எப்படியோ அப்படியே இறுகும். அந்த ஈயக் கட்டியில் எண்ணெயும் தேய்ப்புப் பொடியும் பூசி, முன்னும் பின்னுமாக இழுக்கவேண்டும். இழுக்க இழுக்க, வரிகளின் வழியே தடி தானாகச் சுழன்றுகொண்டு போகும். குழாய் எங்கே பிடிக்கிறது, எங்கே விடுகிறது என்று உள்ளங்கை சொல்லும். பிடிக்கிற இடத்தில் கூடுதலாகத் தேய்க்கவேண்டும், விடுகிற இடத்தை ஓடிக் கடந்துவிடவேண்டும். கூடினாலும் போச்சு, குறைந்தாலும் போச்சு.

அவள் இழுத்தாள். மனம் பேச ஆரம்பித்தது. 'வாய்ப்பக்கம் கொஞ்சம் நின்று தேய். அங்கே மட்டும் குழாய் தளரட்டும். தோட்டா வெளியே போகும்போது வாசற்படியில் கால் தடுக்கினாற்போல் தடுமாறும். யாருக்குத் தெரியப்போகிறது? உனக்கும் அந்த ஈயத்துக்கும் மட்டும்தான்.'

மனம் ஒரு பக்கம் இழுத்தது, கை ஒரு பக்கம் இழுத்தது. கைதான் ஜெயித்தது. இத்தனை காலம் ஒழுங்காக இழுத்த கை, எசமானியின் ஒரு நாள் வயிற்றெரிச்சலுக்காகக் கெட்டுப்போகச் சம்மதிக்கவில்லை. வாய்ப்பக்கம் வந்ததும் அது பாட்டுக்கு லேசானது, திரும்பியது, வழுக்கிக்கொண்டு வந்தது.

முடித்துத் துடைத்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே குழாயைப் பிடித்துப் பார்த்தாள். உள்ளே வரிகள் மழையில் நனைந்த சாலை மாதிரி மின்னிக்கொண்டு சுழன்று போயின.

"அடப்பாவி, என்ன அழகா வந்திருக்கே!" என்று குழாயைத் திட்டினாள்.

பட்டறைக்காரர் அதன் இரு முனைகளையும் வெட்டி, வாயைத் திருத்தினார். கட்டைக்காரன் கட்டையில் பொருத்தினான். மைதானத்துக்குக் கொண்டுபோய்ப் பழக்கவேண்டியதுதான் பாக்கி.

அதற்கு முந்தின நாள் சின்னவள் சமையலறைக்குள் வந்து, "அக்கா, கண்ணை மூடிக்கிட்டு கையை நீட்டுங்க" என்றாள்.

"என்னடி விளையாட்டு இது, கையெல்லாம் எண்ணெய்."

"நீட்டுங்கன்னா!"

சின்னப் பெட்டி ஒன்று உள்ளங்கையில் உட்கார்ந்தது. திறந்தால், குழாய் துடைக்கும் தடியின் நுனியில் திருகுகிற முனை. பளபளவென்று பித்தளை.

"உங்க பழைய முனையைப் பாருங்க, எலி கடிச்ச மாதிரி இருக்கு. அதான் ரெண்டு வாங்கினேன். உங்களுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு. ஜோடி!"

"எதுக்கும்மா இதெல்லாம்" என்றது பெரியவளின் வாய். 'குழாயை எடுத்துக்கொண்டு குமிழைக் கொடுக்கிறாள்' என்றது வயிறு. இருந்தாலும் பழைய நைலான் முனையைக் கழற்றி மேசை இழுப்பறையில் போட்டுவிட்டு, பித்தளையைத் திருகிக்கொண்டாள். பளபளப்பு யாரைத்தான் விட்டது?

மறுநாள் காலை மைதானம். தகரக் கூரை, அதன் கீழே வரிசையாகப் பாய்கள், தூரத்தில் மண்மேடு, மேட்டின் முன்னே எண் எழுதிய பலகைகள். புதுக் குழாயைப் பழக்குவது பிள்ளைக்குச் சோறூட்டுகிற மாதிரி: ஒரு வாய் ஊட்டு, வாயைத் துடை, அடுத்த வாய் ஊட்டு. ஒரு குண்டு சுடவேண்டும். தோட்டாவின் மேலுறை செம்பு. உள்ளே எங்கே சொரசொரப்பு இருக்கிறதோ அங்கே கொஞ்சம் செம்பு ஒட்டிக்கொள்ளும். மூக்கைத் துளைக்கிற ஒரு திரவத்தைத் துணியில் தோய்த்துத் தடியால் தள்ளினால், அந்தச் செம்பு கரைந்து துணியில் நீலமாக வரும். துணி வெள்ளையாகும் வரை துடைத்துவிட்டு அடுத்த குண்டு. குழாய் பழகப் பழக நீலம் குறையும். பெரியவள் இழுத்த குழாய் என்றால் சட்டென்று வெளுத்துவிடும். அதற்காகவே அந்தப் பட்டறையைத் தேடி வருகிறவர்கள் உண்டு.

சின்னவள் படுத்துச் சுட்டாள். பெரியவள் துடைத்தாள். துணி மயில்கழுத்து நீலமாக வந்தது.

"முதல் குண்டு இல்லையா, அப்படித்தான்" என்றாள் பெரியவள்.

மறுபடி துடைத்தாள். நீலம். இன்னொரு துணி. நீலம். இன்னொன்று.

"என்னக்கா, நிக்கவே இல்ல?"

"பொறு பொறு."

எவ்வளவு துடைத்தும் துணி வெளுக்கவில்லை. அடுத்த குண்டு சுட்டுப் பார்த்தார்கள். அப்போதும் அதே கதைதான். வெயில் ஏறி, நீலத் துணிகள் பாயின் ஓரத்தில் குவிந்தன. பெரியவள் முகத்தைக் கவலையாக வைத்துக்கொண்டாள். ஆனால் ஒவ்வொரு துணி நீலமாக வரும்போதும் யாரோ அவள் வயிற்றில் பால் வார்த்தார்கள். எனக்கில்லாத கம்பி எவளுக்கும் இல்லை! எவ்வளவு அழகாக இழுத்துக் கொடுத்தாலும், உள்ளுக்குள்ளே அது சொத்தைக் கம்பி!

மத்தியானம் பட்டறைக்காரர் வந்து துணிக் குவியலைக் காலால் கிளறினார்.

"செம்பைத் தின்னுதே இது. இவ்வளவு நாள் நம்பி வச்சிருந்தேனே." கொஞ்ச நேரம் தாடையைத் தேய்த்தார். "ஏம்மா, இன்னொரு தடவை ஈயம் போட்டு இழுத்துப் பாரு."

"வாய் திருத்தின குழாயிலயா? ஈயம் கொஞ்சம் வெளிய எட்டிப் பாத்தாலும் வாய் அகண்டு போயிடும்."

"போனாப் போவுது. இப்படியே வச்சிருந்து மட்டும் என்ன பண்ண?"

சின்னவள் பாயைச் சுருட்டினாள். சுருட்டி முடித்துவிட்டு, "பரவாயில்லக்கா, நான் பழசுலயே சுட்டுக்கறேன். உங்க உழைப்புதான் வீணாப் போச்சு" என்றாள். அந்தக் கடைசி வாக்கியம் இல்லாமல் இருந்திருந்தால் பெரியவளின் மதியம் இன்னும் இனித்திருக்கும்.

பட்டறையில் யாரும் இல்லை. அடுப்பை மூட்டி ஈயத்தை வைத்தாள். துடைப்புத் தடியை எடுத்து வைக்கலாம் என்று முனையைக் கழற்றியவள், கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றாள். நேற்றுக் கண்ணாடி மாதிரி இருந்த பித்தளை, இன்றைக்கு மங்கிச் சொரசொரத்துக் கிடந்தது. ஏதோ அரித்த மாதிரி.

ஒரு டப்பா மூடியில் அந்தத் திரவத்தைக் கொஞ்சம் ஊற்றினாள். முனையைச் சுத்தமான துணியில் சுற்றி அதில் வைத்தாள். ஈயம் இளகுகிற நேரத்துக்குள் துணி நிறம் மாறியது. குழாயே இல்லை, குண்டே இல்லை, ஆனால் நீலம்! மயில்கழுத்து நீலம்.

பித்தளையில் செம்பு இருக்கிறது என்பது பாத்திரம் துலக்குகிற யாருக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும். ஆனால் மாமனார் காலத்திலிருந்து அந்தப் பட்டறையில் நைலான் முனைதான் இருந்தது. ஏன் நைலான் என்று யாரும் கேட்டதில்லை, கேட்கவேண்டிய தேவையும் வந்ததில்லை. அவள் காலையெல்லாம் துடைத்தது குழாயை அல்ல, சின்னவளின் பரிசை. குழாயில் ஒரு குற்றமும் இல்லை. எப்போதோ வெளுத்திருக்கும், பாவம்.

அவள் முக்காலியில் உட்கார்ந்தாள். அடுப்பில் ஈயம் உருகி, முகம் பார்க்கலாம் போல் பளபளத்தது. இப்போது ஊற்றி இழுத்தால் நல்ல குழாய் நாசமாகும். அப்புறம் அது யாருக்கும் இல்லை. அவளால் ஊற்ற முடியவில்லை. சின்னவள் மேல் இரக்கம் வந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். இரக்கமாவது ஒன்றாவது! குழாய் மேல் இருந்த ஆசை. ஆசைப்பட்ட பொருளின் வாயைத் தன் கையாலேயே கிழிக்க எவளால் முடியும்?

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. ஏன் ஊற்றவேண்டும்? ஏன் சொல்லவேண்டும்? நாளைக்கும் இந்தப் பித்தளையாலேயே துடைப்போம். நாளைக்கும் நீலம் வரும். 'தேறாது, கழற்றி எறி' என்பார்கள். இந்த வீட்டில் தேறாதது எல்லாம் யாருக்கு வரும்? எனக்குத்தானே! வந்த பிறகு நைலான் முனையைத் திருகிக்கொண்டால் ஆயிற்று.

அடுப்பை அணைத்தாள். ஈயம் சட்டியிலேயே இறுகிப்போனது. சாப்பிடும்போது கணவர், "இழுத்தாச்சா?" என்றார். "ஆச்சு" என்றாள். அவள் அன்று இரண்டு பிடி கூடவே சாப்பிட்டாள்.

மறுநாள் காலை நான்கு பேரும் மைதானத்துக்குப் போனார்கள். சின்னவள் சுட்டாள். பெரியவள் துடைத்தாள். அவளுக்குத் தெரிந்த நீலம், தெரிந்தபடியே வந்தது. முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு துணியைக் கணவரிடம் நீட்டினாள். நாடகத்தில் நடித்திருந்தால் பெயர் வாங்கியிருப்பாள்.

பட்டறைக்காரர் பெருமூச்சு விட்டார். "சரி. தேறாது. கழட்டிடுவோம். சின்னவளே, நீ பழசையே எடுத்துட்டுப் போ. இது... வேணும்னா நீ வச்சுக்கோம்மா" என்றார் மனைவியிடம்.

வந்துவிட்டது! இவ்வளவு சுலபமாக! பெரியவள் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு, "எனக்கெதுக்கு... சரி, உங்க இஷ்டம்" என்றாள்.

அத்தோடு விட்டிருக்கலாம் அவர். விடவில்லை. துணியைப் புரட்டிக்கொண்டே, "இரும்பு நல்ல இரும்புதான். வரியும் நான் சரியாத்தான் வெட்டினேன். இழுக்கறதுலதான் எங்கேயோ பிசகு. ரெண்டு தடவை இழுத்தும் இப்படின்னா... உனக்கும் வயசாகுதில்ல, கை தளர்ந்திருக்கும்" என்றார்.

பெரியவள் நிமிர்ந்தாள்.

கட்டைக்காரன் சும்மா இருப்பானா? "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். நம்ம அண்ணிக்குக் கூடம் நேராத்தான் இருக்கு, கைதான் கோணல் போல" என்று சிரித்தான்.

"நீங்க வாயை மூடுங்க!" என்று சின்னவள் அவன் மேல் பாய்ந்தாள். "அக்கா கையைப் பத்திப் பேச உங்களுக்கு என்ன யோக்கியதை இருக்கு? மாமா, நீங்களும் அப்படிச் சொல்லாதீங்க. பாவம், இந்த வயசுல அவங்களால முடிஞ்சதைச் செய்யறாங்க."

கணவர் குறை சொன்னதைப் பொறுத்திருப்பாள். கொழுந்தன் கேலியையும் பொறுத்திருப்பாள். சின்னவள் பரிந்து பேசினாளே, 'பாவம்' என்றாளே, அதுதான் பெரியவளுக்கு உச்சந்தலையில் ஏறியது. ஒரு கையில் குழாய் வந்திருக்கிறது, உண்மைதான். ஆனால் அந்தக் கைக்கு இருந்த பெயரையே அல்லவா பிடுங்கிக்கொள்கிறார்கள்!

"யாரு கை தளர்ந்து போச்சு?" என்று அவள் போட்ட சத்தத்தில், பக்கத்துப் பாயில் குறி பார்த்துக்கொண்டிருந்தவர் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டார். "என் கையில ஒரு குத்தமும் இல்ல! குழாய்லயும் இல்ல! நீலம் இதுலேர்ந்து வருது, இதோ, இந்தப் பித்தளையிலேர்ந்து!"

முனையைத் திருகிக் கழற்றிக் கணவர் உள்ளங்கையில் வைத்தாள். காலையிலேயே இழுப்பறையிலிருந்து எடுத்து இடுப்பில் முடிந்து வைத்திருந்த நைலான் முனையை மாட்டினாள். துணியைத் தோய்த்தாள், தள்ளினாள். லேசான நீலம். அடுத்தது தள்ளினாள். வெள்ளை. இன்னொன்று. வெள்ளை. துவைத்துக் காயப்போட்ட மாதிரி வெள்ளை. அதை எல்லார் முகத்துக்கு நேராகவும் ஒருமுறை காட்டினாள்.

பட்டறைக்காரர் பித்தளையைப் பார்த்தார், துணியைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார்.

"இது உனக்கு எப்பத் தெரியும்?"

"நேத்து."

"அப்ப நேத்து இழுத்தது?"

"இழுக்கல. ஈயம் சட்டியிலதான் இருக்கு. போய்ப் பாருங்க."

"பைத்தியமா உனக்கு? ஏன் சொல்லல?"

பெரியவள் வாயைத் திறந்தாள். அப்புறம் எல்லாம் சேர்ந்து வந்தது. "அது என் கம்பி. இறக்கின அன்னிக்கே எனக்குன்னு சொன்னீங்க. நீங்கதான் சொன்னீங்க. எத்தனை நாள் துணி சுத்தி வச்சேன், எண்ணெய் போட்டு வச்சேன். ஒரு வார்த்தை என்னைக் கேக்காம எடுத்துக் குடுத்துட்டீங்க. என்னையே இழுத்துத் தரவும் சொன்னீங்க. ஒதுக்கினாத்தான் எனக்கு வரும்னா, ஒதுக்கட்டும்னு இருந்தேன்."

பட்டறைக்காரர் விழித்தார். அவருக்கு இப்போதும் ஞாபகம் வரவில்லை என்பது முகத்தில் எழுதியிருந்தது. ஆனால் எண்ணெய்த் துணி ஏன் எப்போதும் புதிதாகவே இருந்தது என்பது மட்டும் இப்போது அவருக்குப் புரிந்தது. "சொல்லியிருக்கலாமேம்மா" என்றார் மெதுவாக.

"அண்ணே, கொஞ்சம் பேசாம இருங்க" என்றான் கட்டைக்காரன். வாழ்க்கையில் முதல் தடவையாக அவன் சொன்ன நல்ல யோசனை.

சின்னவள் முகம் சிவந்து போயிருந்தது. "எனக்குத் தெரியாதுக்கா. சத்தியமாத் தெரியாது. தெரிஞ்சிருந்தா வாங்கியிருக்கவே மாட்டேன்." பாயிலிருந்து எழுந்தாள். "இது உங்களோடது. நீங்க சுடுங்க. நான் பழசை எடுத்துக்கறேன்."

"நீ ஒண்ணும் தானம் பண்ண வேண்டாம்டி."

"தானம் இல்லக்கா. படுங்க."

பெரியவள் படுத்தாள். அந்தக் கணத்துக்காக எத்தனை தடவை துணியை அவிழ்த்துச் சுற்றியிருப்பாள்! கன்னத்தைக் கட்டையில் வைத்தாள். மூச்சைப் பாதியில் நிறுத்தினாள். சுட்டாள். நிதானமாக, ஒன்றன்பின் ஒன்றாக, ஐந்து. ஒவ்வொரு தடவையும் துப்பாக்கி அவள் தோளோடு ஒட்டிக்கொண்டு அசைந்தது. இப்படி ஒரு குழாய் இருக்கும் என்று அவள் உள்ளங்கை சொன்னது பொய்யில்லை.

"இப்ப நீ" என்று எழுந்தாள்.

"வேண்டாம்க்கா."

"சுடுன்னா சுடு."

சின்னவள் அதே துப்பாக்கியால் பக்கத்துப் பலகையில் ஐந்து சுட்டாள். சுடும்போது ஏற்றி வைக்கும் சிவப்புக் கொடி இறங்கியதும் பெரியவளே நடந்துபோய், பலகைகளில் ஒட்டியிருந்த இரண்டு குறிக் காகிதங்களையும் கிழித்துக்கொண்டு வந்தாள். வரும் வழியிலேயே பார்த்துவிட்டாள். அதனால் மெதுவாக வந்தாள்.

அவள் சுட்ட ஐந்து ஓட்டைகளையும் ஒரு சோடா மூடியால் மறைத்துவிடலாம். அவள் வாழ்நாளிலேயே அவ்வளவு நன்றாகச் சுட்டதில்லை. சின்னவள் சுட்டதை ஒரு சட்டைப் பொத்தானால் மறைத்துவிடலாம்.

நல்ல குழாய் இல்லாத குறைதான் என்று இத்தனை நாள் சொல்லி வந்தாளே, இப்போது நல்ல குழாயும் வந்தாயிற்று. கூடமும் கோணல் இல்லை. அவள் ஆடத் தெரியாதவளும் இல்லை, நன்றாகவே ஆடினாள். இன்னொருத்தி அதைவிட நன்றாக ஆடுகிறாள், அவ்வளவுதான். அந்த 'அவ்வளவுதான்' தொண்டையிலிருந்து கீழே இறங்க வெகுநேரம் பிடித்தது. யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை.

பெரியவள் இரண்டு காகிதங்களையும் நாலாக மடித்து இடுப்பில் செருகினாள்.

"இந்தக் குழாய் என்னோடது" என்றாள். "எல்லாருக்கும் கேட்டுதா? என்னோடது. மேட்சுக்கு உனக்கு இரவல் தர்றேன். முடிஞ்சு வந்ததும் கழட்டி என் கையில குடுத்துடணும். திரும்ப வேணும்னா, வந்து கேக்கணும்."

"கேக்கறேன்க்கா."

"துடைக்கறது நான்தான். நீ தடியைத் தொட்டே, விரலை உடைச்சுடுவேன். அந்த இன்னொரு பித்தளை எங்க?"

சின்னவள் பையிலிருந்து எடுத்து நீட்டினாள். பெரியவள் அதை வாங்கி, தூக்கி எறியப்போய், பெட்டியோடு இடுப்பில் செருகிக்கொண்டாள். எறியத்தான் நினைத்தாள். ஆனால் ஜோடி அல்லவா, அதனால் எறியவில்லை போலும்.

"அண்ணி" என்றான் கட்டைக்காரன், "கட்டை என்னோடது. அதுக்கு யாரு இரவல் கேப்பாங்க?"

"உன் கட்டைக்கு அடுப்புதான் கேக்கும். நடடா."

பெரிய மேட்ச் அன்று, பந்தயக்காரிகளின் வரிசைக்குப் பின்னால் கயிறு கட்டிய இடத்தில், துடைப்புத் தடியை மடியில் வைத்துக்கொண்டு பெரியவள் உட்கார்ந்திருந்தாள். முன்னே சின்னவளின் முதுகு தெரிந்தது. அந்த முதுகைப் பார்த்தால் இப்போதும் அவளுக்கு எரிந்தது. எரியாமல் என்ன செய்யும்? குண்டு போகப்போகிற குழாயோ அவளுடையது. அதன் உள்ளே ஒவ்வொரு அங்குலமும் அவள் உள்ளங்கைக்குத் தெரியும்.

விசில் ஊதினார்கள். என்ன வேண்டிக்கொள்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. இவள் தோற்றால் குழாய்க்கு அவமானம். ஜெயித்தால் பலகையில் பெயர் இவளுடையது. கண்ணை மூடி யோசித்துப் பார்த்து, கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தாள்.

'ஜெயிக்கட்டும்' என்று வேண்டிக்கொண்டாள். 'ஆனா கொஞ்சமா ஜெயிக்கட்டும்.'